உண்ணிக்கு அடித்தது முட்டைக்குள்

திருநகர் மளிகைக் கடைகளில் முட்டை வாங்கும்போது விலையைக் கேட்கிறோம், கீறல் இருக்கிறதா என்று பார்க்கிறோம். பண்ணையில் உண்ணிக்கு என்ன மருந்து அடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. கேட்க வேண்டும் என்பது என் கட்சி. கோழியின் ரத்தம் குடிக்கும் சிவப்பு உண்ணி பகலெல்லாம் கூண்டு இடுக்குகளில் பதுங்கிக் கிடந்து, இருட்டிய பிறகுதான் கோழி மேல் ஏறும். வெயில் காலத்தில் முட்டை பொரிந்து முழு உண்ணியாக வளர ஒரு வாரம் போதும்; இரையில்லாமலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். கொண்டை வெளுக்கிறது, முட்டை குறைகிறது, பண்ணைக்காரர் பதறுகிறார். இடுக்குகளைச் சுரண்டிக் கழுவுவதைவிட மருந்தடிப்பது சுலபம். அங்கேதான் வம்பு. 2017-இல் நெதர்லாந்தில் தாவர எண்ணெய்க் கலவை என்று சொல்லி விற்ற உண்ணி மருந்தில் ஃபிப்ரோனில் கலந்திருந்தது. உணவுக்காக வளர்க்கும் கோழிகளுக்கு ஐரோப்பாவில் தடை செய்யப்பட்ட நஞ்சு அது. அது முட்டைக்குள்ளும் இறங்கியது தெரிந்ததும் பல லட்சம் முட்டைகள் கடைகளிலிருந்து திரும்பின, பண்ணைகள் மூடப்பட்டன. நம் ஊரில் அதே ஃபிப்ரோனில் நெல் குருத்துப்பூச்சிக்கென்று பூச்சிமருந்துக் கடையில் கிடைக்கிறது. அது கோழிக்கொட்டகைக்குப் போகாமல் தடுக்க வேலியா இருக்கிறது? பண்ணைக்காரரை மட்டும் திட்டிப் பயனில்லை, தீவன விலை அவர் கழுத்தை நெரிக்கிறது. நாமக்கல் முட்டை விலையைத் தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு நாள் தவறாமல் அறிவிக்கிறது. மருந்து எச்சப் பரிசோதனை முடிவையும் உணவுப் பாதுகாப்புத் துறை மாதம் ஒருமுறை, மாவட்டவாரியாக, தமிழிலேயே வெளியிடட்டும்.