அறுவடைக்கு மட்டும் வரும் கூட்டம்

உழவும் விதைப்பும் நடைபெறும் நாட்களில் வயற்புறத்தை எட்டியும் பாராது, களவெட்டியிலே பொலி குவிந்த பின்னர் மாத்திரம் வந்து நிற்கும் போடியாரை வயற்காரர் எவரும் விவசாயி என ஒப்புக்கொள்வதில்லை. நெல் அவருடையதாயிருக்கலாம், ஆயின் வயலின் சரித்திரம் வரம்பில் நடந்தவனுக்கே தெரியும். நெல் விளையும் நிந்தவூரில் இவ்வுண்மையைச் சிறுவரும் அறிவர். ஆனால் அதே ஊரின் விளையாட்டு மைதானத்தில் இது முற்றாக மறக்கப்பட்டுவிட்டது. பாடசாலை அணியொன்று மாகாண மட்ட இறுதிப் போட்டியை எட்டிவிட்டால் ஊரே திரள்கிறது, பதாகை எழுகிறது, பட்டாசு வெடிக்கிறது, அரசியல்வாதி மாலையுடன் வருகிறார். அவ்வணி தனது முதலாவது போட்டியை ஆடிய மாலையில் எல்லைக் கோட்டருகே நின்றவர்களை எண்ணுவதற்கு இரு கைவிரல்களே போதுமானவை.

இறுதி நாளில் மட்டும் கூடுவோர் பார்வையாளர். இரசிகர் என்னும் பெயருக்கு உரியவர், பருவத்தின் தொடக்கப் போட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்து செல்பவர். தோல்வியும் தடுமாற்றமும் நிறைந்த அந்த முதற் கிழமைகளிலேதான் ஓர் அணி உருவாகின்றது. இடதுகாலால் மட்டுமே பந்தை அடிக்கத் தெரிந்த சிறுவன் வலதுகாலையும் பயன்படுத்தத் துணிவதும், கபடிக் களத்தில் எதிர்ப்புறம் பாடிச் செல்பவன் பிடிபட்டுப் பிடிபட்டே எதிரியின் பிடியை அறிந்துகொள்வதும், அணித்தலைவன் தன் சினத்தை அடக்கக் கற்பதும் அப்பொழுதே நிகழ்கின்றன. இவற்றைக் கண்டவருக்கு இறுதிப் போட்டி ஒரு கதையின் முடிவு. ஏனையோருக்கு அது வெறும் ஆரவாரம்.

எனினும், இக்குறை முழுவதையும் இரசிகர் மீது சுமத்துதல் நேர்மையாகாது. தொடக்கப் போட்டிகளைப் பார்க்கவில்லை என்று ஒருவரைக் கடிவதற்கு முன்னர், அத்தகைய போட்டிகள் இருக்கின்றனவா என்று வினவுதல் வேண்டும். கிழக்குக் கரையோரப் பாடசாலைகளைப் பொறுத்தவரை விளையாட்டு என்பது பெரும்பாலும் வலய மட்டம், மாகாண மட்டம், தேசிய மட்டம் என ஏறிச் செல்லும் ஏணியேயாகும். அவ்வேணியின் படிகளிலே விலகல் முறை ஆட்சி செய்கின்றது. பதினாறு பாடசாலைகள் விலகல் முறையிலான சுற்றுப்போட்டியொன்றில் பங்குபற்றுமாயின், எட்டுப் பாடசாலைகளின் ஆண்டு முழுவதற்குமான விளையாட்டு ஒரே போட்டியுடன் முடிந்துவிடுகின்றது. நான்கு பாடசாலைகளுக்கு இரண்டு போட்டிகள். நான்காவது போட்டியைக் காண்பவை இரண்டே இரண்டு. மாதக்கணக்கில் மணலில் ஓடிப் பயின்ற மாணவன் ஒரு மாலைப்பொழுதில் தோற்று வீடு திரும்புகின்றான். மறு போட்டிக்கு அவன் ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதற்கிடையில் வயதெல்லை அவனை வெளியேற்றிவிடும். இதனைப் பருவம் என்று எவ்வாறு அழைப்பது? பருவமற்ற இடத்தில் இரசிகர் எங்ஙனம் தோன்றுவர்?

கொழும்பு, கண்டி ஆகிய நகரங்களின் புகழ்பெற்ற கல்லூரிகளின் நிலை வேறு. 1879இல் தொடங்கிய றோயல் – தோமியன் பெரும்போட்டியைப் பற்றி ஆண்டுதோறும் பக்கம் பக்கமாக எழுதப்படுகின்றது. அப்பெரும்போட்டிக்குப் பின்னால் செப்டெம்பர் முதல் மார்ச் வரை மரபாக நீளும் கிரிக்கெட் பருவம் ஒன்று உண்டென்பதும், அப்பருவத்தில் அக்கல்லூரிகள் ஒன்றையொன்று கிழமைதோறும் சந்திக்கின்றன என்பதும் கவனிக்கப்படுவதில்லை. கண்டி புனித அந்தோனியார் கல்லூரியின் முத்தையா முரளிதரன் இரண்டு பருவங்களில் நூறுக்கு மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியே 1990/91ஆம் பருவத்தின் சிறந்த பாடசாலைக் கிரிக்கெட் வீரராகத் தெரிவானார். நூறு விக்கெட்டுகளை வீழ்த்துவதற்குத் திறமை வேண்டும். அத்திறமை வெளிப்படுதற்குப் போட்டிகளும் வேண்டும். அதே திறமையுடன் கரையோர ஊரொன்றிற் பிறந்த சிறுவன், ஒரே போட்டியில் எத்தனை விக்கெட்டை வீழ்த்தித் தன்னை நிறுவுவான்? திறமை நகரத்தில் மட்டும் விளைகிறது என்று கூறுவோர், நகரத்திற்கு மட்டும் நீர் பாய்ச்சப்பட்டதை மறைக்கின்றனர்.

கடல் கடந்த உதாரணமொன்றையும் நோக்கலாம். எல்லே ஆட்டத்தின் உறவுமுறை எனத்தக்க பேஸ்போல் ஆட்டம் அமெரிக்கக் கல்லூரிகளிலே பெப்ரவரி நடுப்பகுதியில் ஆரம்பமாகின்றது. யூன் மாதத்தில் ஓமஹா நகரில் நடைபெறும் இறுதிச் சுற்றுக்கு முன்னர், உயர் பிரிவிலுள்ள கல்லூரி அணியொன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட போட்டிகளில் ஆடுகின்றது. பெப்ரவரிக் குளிரில் போர்வை போர்த்திக்கொண்டு முதற் போட்டிகளைப் பார்க்க வரும் இரசிகர் அங்கு உண்டு. நான்கு போட்டிகளில் மூன்றைத் தோற்றாலும் அவர் மனந்தளர்வதில்லை. புதிய மாணவனின் பந்துவீச்சு எவ்வாறு தேறுகிறது என்று கணக்கு வைத்துக்கொள்கிறார். அவர் பொறுமைசாலியாகப் பிறந்தவரல்லர். ஐம்பது போட்டிகள் அவருக்குப் பொறுமையைக் கற்பித்துள்ளன.

இப்பொறுமை நிந்தவூர் இளைஞரிடம் இல்லையென்று கூறவும் முடியாது. ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கும் இங்கிலாந்து உதைபந்தாட்டப் பருவத்தின் 38 போட்டிகளையும் நள்ளிரவு கடந்து விழித்திருந்து பார்ப்போர் அங்கு உளர். மன்செஸ்டர் நகரத்து அணியொன்று முதல் மூன்று போட்டிகளில் தோற்றதற்கான காரணங்களை அவர்கள் தேநீர்க் கடையில் மணிக்கணக்காக ஆராய்வர். 2008இல் தொடங்கிய இந்தியப் பிரிமியர் லீக்கின் புள்ளிப் பட்டியல் அவர்களுக்கு மனப்பாடம். ஆயின் தமது ஊர்ப் பாடசாலை அணியின் பந்துக்காப்பாளன் எந்தத் தெருவைச் சேர்ந்தவன் என்பதை அவர்கள் அறியார். தொலைக்காட்சி முதலாளிகள் அவர்களின் பொறுமையை விலைக்கு வாங்கிவிட்டனர். ஊர் அதனைக் கேட்கவேயில்லை. தன் மண்ணில் ஆடும் ஆட்டத்திற் பார்வையாளனாகவும், ஐயாயிரம் கல்லுக்கு அப்பால் ஆடப்படும் ஆட்டத்தில் இரசிகனாகவும் இருக்கும் இந்நிலை, பண்பாட்டுத் துறையில் நிலவும் அடிமைத்தனத்தின் ஒரு கூறேயன்றி வேறில்லை.

பருவம் என்ற சொல்லை இன்னொரு கோணத்திலும் நோக்க வேண்டும். கிரிக்கெட்டுக்கென வகுக்கப்பட்ட செப்டெம்பர் – மார்ச் காலம் மேற்குக் கரையின் வானத்தைப் பார்த்து வகுக்கப்பட்டது. ஒக்டோபர் பிற்பகுதி முதல் சனவரி வரை வாடைக் காற்றுடன் பெய்யும் மாரி மழையில் கிழக்குக் கரையின் மைதானங்கள் நீர் தேங்கிக் கிடக்கும். அதுவே பெரும்போக வேளாண்மைக் காலமுமாகும். மாறாக, சித்திரை முதல் ஆவணி வரை, கொழும்பு மழையில் நனையும் நாட்களில், இங்கே கச்சான் காற்று வீசி நிலம் இறுகிக் கிடக்கின்றது. கரையோரத்தின் இயல்பான விளையாட்டுப் பருவம் அதுவே. அஸர் தொழுகைக்கும் மஃரிப் தொழுகைக்கும் இடைப்பட்ட பொழுது ஓர் உதைபந்தாட்டப் போட்டிக்கோ கபடிப் போட்டிக்கோ தாராளமாகப் போதும். நோன்பு மாதம் ஆண்டுதோறும் முன்னகர்ந்து வருவதால் அதற்கேற்ப அட்டவணையை மாற்றிக்கொள்வதும் இயலும். இவையனைத்தும் ஊரவர் அறிந்த செய்திகள். அறியாதது தலைநகரின் நாட்காட்டி மாத்திரமே.

எனவே வேண்டப்படுவது பெரிய விடயமன்று. கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், சம்மாந்துறை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று ஆகிய அயலூர்களின் எட்டுப் பாடசாலைகள் ஒன்றுசேர்ந்து, ஒவ்வொன்றும் ஏனைய ஏழையும் சொந்த மைதானத்தில் ஒருமுறையும் எதிரணியின் மைதானத்தில் ஒருமுறையும் சந்திப்பதாகக் கொள்வோம். ஒவ்வோர் அணிக்கும் பதினான்கு போட்டிகள்; மொத்தம் ஐம்பத்தாறு போட்டிகள். கிழமைக்கு ஒன்றாக ஆடினால் மூன்றரை மாதங்களில் நிறைவெய்திவிடும். இவ்வூர்கள் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல நெடும்பயணம் வேண்டியதில்லை. சில ஊர்களுக்கிடையே துவிச்சக்கரவண்டியிலேயே போய்வரலாம். இலங்கை அணிக்கு வீரரைத் தந்த பெருமை கபடியிலே நிந்தவூருக்கு உண்டு. ஆதலாற் கபடியிலிருந்தே இதனைத் தொடங்கலாம். பதினான்கு வீரரும் கோடு கீறிய நிலமும் அதற்குப் போதும்.

இத்திட்டத்திற்கு எதிராக எழக்கூடிய வாதங்களை ஆராய்வோம். பரீட்சை கெட்டுவிடும் என்பர் சிலர். நீண்ட பருவமுள்ள நகர்ப்புறக் கல்லூரிகளின் மாணவரும் அதே சாதாரண தரப் பரீட்சைக்கும் உயர்தரப் பரீட்சைக்குமே தோற்றுகின்றனர். உண்மையில், சுற்றுப்போட்டி நெருங்கிய பின்னர் வகுப்பைக் கைவிட்டு நாள் முழுதும் நடத்தப்படும் அவசரப் பயிற்சியே படிப்பைக் குலைக்கிறது. கிழமைக்கொரு மாலை எவருடைய பாடத்தையும் விழுங்கிவிடாது.

சண்டை மூளும் என்பர் வேறு சிலர். மைதானச் சண்டைகளின் தாய் விலகல் முறையே என்பதை இவர்கள் சிந்திப்பதில்லை. ஓராண்டின் உழைப்பு முழுவதும் நடுவரின் ஒரே விசிலில் தொங்கும்போது சினம் எழாதிருக்குமா? அடுத்த கிழமையும் போட்டி உண்டு, இதே எதிரணியை இரண்டு மாதத்தின் பின் அவர்களது ஊரிலேயே மீண்டும் சந்திக்க வேண்டும் என்ற நினைவு இருக்குமிடத்துக் கை தானாகவே தாழும். மீண்டும் முகம்பார்க்க வேண்டியவர்களே மரியாதையைப் பேணுவர்.

இவ்வாதம் விளையாட்டுடன் நின்றுவிடுவதன்று. நிந்தவூரும் காரைதீவும் அடுத்தடுத்த ஊர்கள். ஒரே கல்முனைக் கல்வி வலயத்தைச் சேர்ந்தவை. ஒன்று முஸ்லிம்களின் ஊர். மற்றையது இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியராக 1943இல் அமர்ந்த சுவாமி விபுலாநந்தர் பிறந்த தமிழ் ஊர். 1985 ஏப்ரலில் காரைதீவுப் பகுதியில் மூண்ட கலவரமும், 1990இல் கிழக்கு முழுவதும் நிகழ்ந்த கொடுமைகளும் இரு சமூகத்தாரின் நெஞ்சிலும் சுவர்களை எழுப்பின. போர் 2009இல் முடிந்தது. ஒற்றுமை விழாக்கள் அதன் பின்னர் எத்தனையோ நடைபெற்றுவிட்டன. விழா என்பதும் ஓர் இறுதிப் போட்டியே. ஒருநாட் கூட்டம், ஒருநாட் கைதட்டல், மறுநாள் வெறுமை. ஆண்டுதோறும் இருமுறை, வெற்றியும் தோல்வியும் மாறிமாறி வர, இவ்வூர் மாணவன் அவ்வூர் மைதானத்தில் ஆடுவதும், அவ்வூரார் தந்த தண்ணீரைக் குடிப்பதும், எதிரணியின் சிறந்த வீரனை அவனது பெயர் சொல்லிப் பாராட்டுவதும் எந்த மேடைப் பேச்சினாலும் ஆகாத காரியத்தை ஆற்றவல்லன.

யப்பானை எடுத்துக்காட்டி மறுப்போரும் இருத்தல் கூடும். 1915இல் தொடங்கிய கோடைகால உயர்நிலைப்பள்ளிப் பேஸ்போல் சுற்றுப்போட்டி விலகல் முறையிலானது. மூன்றாயிரத்துக்கு மேற்பட்ட பாடசாலைகள் அதிற் பங்குபற்றுகின்றன. கோஷியென் மைதானத்தில் தோற்ற மாணவர் அம்மண்ணை அள்ளிப் பையிலிட்டுச் செல்லும் காட்சியை நாடே கண்கலங்கப் பார்க்கிறது. இவையெல்லாம் மெய்யே. ஆயினும் அங்கு 1924இல் தொடங்கிய வசந்தகாலப் போட்டியும் உண்டு. அதற்கு அணிகளைத் தெரிவதற்கு இலையுதிர்காலச் சுற்றுப்போட்டிகள் நடைபெறுகின்றன. இடையிடையே பயிற்சிப் போட்டிகளும் உண்டு. அந்த மாணவன் அள்ளுவது நெடிய உழைப்பினதும் பல போட்டிகளினதும் நினைவு படிந்த மண். ஒரே போட்டியுடன் துரத்தப்படும் நிந்தவூர் மாணவன் எதனை அள்ளிச் செல்வான்?

ஒரு விளையாட்டு ஓர் ஊரில் வேரூன்றுவதற்கு ஆண்டுக்கணக்கான தொடர்ச்சி வேண்டும் என்பதற்குக் கிழக்கிலேயே சான்று உண்டு. மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் அமெரிக்க யேசுசபைத் துறவிகள் ஊன்றிய கூடைப்பந்தாட்டம் அந்நகரின் அடையாளங்களுள் ஒன்றாகியது. அவர்களுள் ஒருவரான வெபர் அடிகளாரின் பெயரை அந்நகரின் மைதானம் இன்றும் தாங்கி நிற்கின்றது. மேற்கிந்திய அறிஞர் சீ.எல்.ஆர். ஜேம்ஸ் ‘எல்லைக்கு அப்பால்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1963இல் வெளியிட்ட நூல், திரினிடாட் தீவின் கிரிக்கெட் கழகங்கள் தோல் நிறத்தாலும் வர்க்கத்தாலும் பிரிந்திருந்தமையைக் காட்டி, விளையாட்டைச் சமூகத்திலிருந்து பிரித்து நோக்க இயலாது என நிறுவியது. இங்கும் அவ்வாறே. எவருக்குப் பருவம் உண்டு, எவருக்கு ஒரே நாள் உண்டு என்ற பாகுபாடு, இந்நாட்டில் வளம் பங்கிடப்பட்டிருக்கும் முறையின் நேரடிப் பிரதிபலிப்பாகும்.

அமைச்சின் சுற்றறிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. அதிபர்கள் எண்மர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்தால் அட்டவணை உருவாகிவிடும். பழைய மாணவர் சங்கங்கள் வெற்றிக்குப் பின் பதாகைக்குச் செலவிடும் பணத்தைப் பருவத்தின் முன் பந்துக்கும் பேருந்துக்கும் செலவிடலாம். விடுமுறைக்கு ஊர் திரும்பும் பல்கலைக்கழக மாணவர், புள்ளிக் குறிப்பேடு ஒன்றை ஏந்தி எல்லைக் கோட்டருகே அமர்ந்து, யார் ஆடினர், யார் தேறினர், எவ்வாறு தோற்றனர் என்பதைப் பிழையின்றிப் பதிவுசெய்து பத்திரிகைகளுக்கு அனுப்பலாம். தமிழிலே விளையாட்டு எழுத்து வளர வேண்டும் என்று கருத்தரங்குகளிற் பேசுவோருக்கு அதைவிடச் சிறந்த களம் கிடையாது.

அடுத்த முறை மாகாண இறுதிப் போட்டியின் நாளில் பட்டாசுடன் புறப்படும் நிந்தவூராரிடம் ஒரு கேள்வியைக் கேட்க வேண்டும்: இவ்வணி முதற் போட்டியில் எவரிடம் தோற்றது? அதற்கு விடை சொல்லக்கூடிய ஊர் என்றைக்கு உருவாகிறதோ, அன்றைக்குத்தான் அவ்வெற்றி ஊருக்கு உரியதாகும்.