வெட்டுபவன் மட்டும் பாவியா?

வன்னியில் இறைச்சிக்கடை என்பது பெரும்பாலும் ஒரு குடும்பத்தின் தொழில். தந்தை அறுப்பார், மகன் எலும்பு தறித்து நிறுத்துக் கொடுப்பான், குடலையும் தலையையும் துப்புரவு செய்யும் வேலை வீட்டுப் பெண்களின் தலையில் விழும். விடியுமுன் தொடங்கும் இந்த உழைப்பு நண்பகலுக்குள் முடிந்தாக வேண்டும். குளிரூட்டி இல்லாத கடையில் மிஞ்சிய இறைச்சி அன்றைய நட்டம். இப்படிப்பட்ட குடும்பங்களிடம் நாம் இறைச்சி வாங்குகிறோம். ஆனால், அவர்களை நம்மில் ஒருவராக எண்ணுகிறோமா என்று கேட்டால் பதில் சொல்லத் தயங்குவோம்.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களின் பழைய கிராமங்களுக்கு இறைச்சிக்கடை தேவைப்பட்டதில்லை. காடு கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. மானும் மரையும் பன்றியும் வேட்டையில் கிடைத்தன. மிஞ்சியது வற்றலாகி அடுப்புக்கு மேலே தொங்கியது. ஊருக்குள் ஆடு அடித்தால் அதைப் பங்கு போட்டார்கள். ஈரலிலும் எலும்பிலும் எல்லாப் பங்குக்கும் ஒரு துண்டாவது போய்ச் சேரும். பணம் அன்றே கொடுத்தவரும் உண்டு, நெல் வெட்டிய பிறகு கொடுத்தவரும் உண்டு.

அந்த வாழ்வு இனித் திரும்பாது. மானையும் மரையையும் கொல்வது வனசீவராசிகள் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் மூலம் 1937ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காடும் சுருங்கிவிட்டது. குடியேற்றத் திட்டங்களாலும் இடப்பெயர்வுகளாலும் ஊர்களும் கலந்துவிட்டன. முகமறியாத அயலவரோடு பங்கு போட முடியாது. ஆகவே கடை வந்தது. இறைச்சி உண்ணும் ஊருக்குக் கடை வேண்டும் என்பதில் விவாதத்துக்கு இடமில்லை. அது எப்படிப்பட்ட கடை என்பதே கேள்வி.

வன்னியின் பட்டிக்காரர்களைக் கேட்டால் இதன் மறுபக்கம் தெரியும். மாடு அவர்களுக்கு வங்கி. பிள்ளையின் படிப்பு, மகளின் கலியாணம், திடீர் மருத்துவச் செலவு, எல்லாவற்றுக்கும் பட்டியில் இருந்து ஒன்று இறங்கும். முன்பு நாம்பன் கன்று வளர்ந்தால் ஏருக்கும் வண்டிக்கும் போகும். உழவு இயந்திரம் வந்த பின் அதற்கு வேலை இல்லை. பால் வற்றிய கிழப் பசுவுக்கும் வேலை இல்லை. அவற்றை விற்க வழியில்லாத இடத்தில், மேய்ச்சல் தரையும் இல்லாதபோது, அவை கட்டாக்காலிகளாகி வயலுக்குள்ளும் ஏ-9 வீதியிலும் நிற்கின்றன. மாட்டின் மீது இரக்கம் பேசுபவர்கள், இரவில் வாகனத்தில் அடிபட்டுத் தெருவோரம் துடிக்கும் மாட்டுக்காகவும் சிறிது இரங்க வேண்டும்.

இலங்கையில் இறைச்சி வணிகத்துக்கான சட்டம் மிகப் பழையது. கசாப்புக்காரர் கட்டளைச் சட்டம் 1893ஆம் ஆண்டினது. அனுமதிப்பத்திரம் இன்றி யாரும் இத்தொழிலைச் செய்ய முடியாது. மாட்டுத் திருட்டைத் தடுப்பதும் இத்தகைய ஒழுங்குகளின் பயன்களில் ஒன்று. வன்னியில் ஒவ்வொரு பட்டிக்கும் ஒரு குறி உண்டு. சுட்ட குறி தோலில் நிற்கும். வெளிச்சத்தில் அறுக்கும் கடையில் அந்தத் தோலே சாட்சி. பற்றைக்குள் இருட்டில் அறுப்பவனுக்குத் தோலை மண்ணில் புதைக்க எவ்வளவு நேரம் வேண்டும்?

அந்த வெளிச்சம் எப்படி அணைகிறது என்று பாருங்கள்.

முதலாவது, ஏலம். உள்ளூராட்சி சபைகள் இறைச்சிக்கடைகளை ஆண்டுதோறும் கேள்விகோரிக் குத்தகைக்கு விடுகின்றன. கூடுதல் தொகை எழுதியவருக்கே உரிமை. சபைக்கு வருமானம் வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் இந்த முறையில் தொழில் தெரிந்த குடும்பம் தோற்கிறது, பணம் படைத்தவர் வெல்கிறார். அவர் போட்ட முதலை ஓர் ஆண்டுக்குள் எடுத்தாக வேண்டும். போயா தினங்களில் விற்பனை இல்லை. வெள்ளிக்கிழமையும் கோயில் திருவிழாக் காலமும் சைவ வீடுகளில் மச்சம் இல்லை. எஞ்சிய நாட்களில் அந்தக் குத்தகைப் பணம் முழுவதும் நாம் வாங்கும் கிலோவின் விலையில் ஏறுகிறது. சட்டபூர்வக் கடையின் விலை ஏற ஏற, களவு இறைச்சிக்குச் சந்தை விரிகிறது. களவை வளர்ப்பது கள்வன் மட்டுமல்ல, கேள்விமனுவும்தான்.

இரண்டாவது, பகை. வடக்கில் மாட்டிறைச்சிக்கடை என்றால் பல ஊர்களில் முஸ்லிம் குடும்பங்களின் நினைவே வரும். 1990 ஒக்டோபரில் வட மாகாணத்தின் முஸ்லிம்கள், ஏறத்தாழ 75,000 பேர், விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். முல்லைத்தீவின் தண்ணீரூற்று, நீராவிப்பிட்டி போன்ற ஊர்களில் இருந்து போனவர்களும் அவர்களில் அடங்குவர். புத்தளத்து முகாம்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. கடை பூட்டப்பட்டது என்பது அதில் மிகச் சிறிய இழப்புத்தான். ஆனால் ஊருக்கும் ஊருக்கும் இடையில் நாள்தோறும் நடந்த ஒரு கொடுக்கல் வாங்கல் அறுந்துபோனது சிறிய இழப்பு அல்ல. 2009இல் போர் முடிந்த பின் திரும்பி வந்தோர், காணிக்கும் வாழ்வாதாரத்துக்கும் மீண்டும் போராட வேண்டியிருந்தது.

இந்தப் புண்ணின் மேல்தான் புதிய அரசியல் உப்பைத் தூவுகிறது. 2016இல் வவுனியாவில் சிவசேனை என்ற அமைப்பு தொடங்கப்பட்டது. 2018இல் சாவகச்சேரியில் மாடு அறுப்பதற்கு எதிராக அது போராட்டம் நடத்தியது. உயிர்க்கொலைக்கு எதிராகப் பேச எவருக்கும் உரிமை உண்டு. சைவ மரபில் அந்தக் குரல் ஆழமானது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் அங்கே பேச்சு மாட்டிலிருந்து நழுவி, மாடு அறுப்பவரின் மதத்துக்குப் போய்ச் சேர்ந்ததே! ஆட்டுக்கும் கோழிக்கும் ஏன் அந்தக் கண்ணீர் வரவில்லை?

கொழும்பும் இதே பாதையில் நடந்தது. 2020 செப்ரெம்பரில் அன்றைய பிரதமர் மகிந்த ராஜபக்ச மாடு அறுப்பதைத் தடைசெய்யும் யோசனையை முன்வைத்தார். அமைச்சரவையும் இணங்கியது. உண்பவர்களுக்காக மாட்டிறைச்சியை இறக்குமதி செய்யலாம் என்பதும் அந்த யோசனையின் பகுதி. அதாவது, கொலை வெளிநாட்டில் நடக்கட்டும், விருந்து இங்கே நடக்கட்டும். இதில் காக்கப்படுவது எந்த உயிர்? வன்னிப் பட்டிக்காரனின் பிழைப்பும் ஏழைக் கசாப்புக்காரனின் கத்தியும் மட்டும்தான் இதில் பறிபோகும். நல்லவேளை, அந்தத் தடை நடைமுறைக்கு வரவில்லை.

வள்ளுவர் புலால் மறுத்தலைப் பாடியவர். ஆனால் அவர் பழியை விற்பவன் மேல் மட்டும் போட்டுவிட்டு ஒதுங்கவில்லை. தின்பவர் இல்லையெனில் விலைக்கு ஊன் தருபவரும் இல்லை என்பதே அவர் கருத்து. உண்ணாதவர் கடையை வெறுத்தால் அதில் ஒரு நேர்மை உண்டு. ஞாயிற்றுக்கிழமை வரிசையில் நின்று வாங்கிவிட்டு, திங்கட்கிழமை கடைக்காரரை இழிவாகப் பேசுவதில் என்ன நேர்மை?

செய்ய வேண்டியவை கடினமானவை அல்ல. 2025 மே மாதத் தேர்தலின் பின் சபைகளுக்கு மீண்டும் மக்கள் பிரதிநிதிகள் வந்திருக்கிறார்கள். கரைச்சியிலும் புதுக்குடியிருப்பிலும் கரைத்துறைப்பற்றிலும் அமர்ந்திருப்பவர்கள் இதைச் சிந்திக்கலாம். கூடிய தொகைக்கு ஏலம் விடுவதை நிறுத்தி, நியாயமான நிலையான கட்டணத்தில் தொழில் தெரிந்த குடும்பங்களுக்குச் சிறு அனுமதிப்பத்திரங்கள் கொடுக்கலாம். தண்ணீரும் கழிவு வடிகாலும் உள்ள கொல்களம் ஒன்றைப் பொதுவில் கட்டலாம். அறுக்குமுன் கால்நடை வைத்தியரும், விற்குமுன் சுகாதாரப் பரிசோதகரும் தவறாமல் பார்க்கட்டும். குறி காட்டாத தோலுக்குக் கடும் தண்டனை இருக்கட்டும்.

புலம்பெயர்ந்த நண்பர்களுக்கும் ஒரு சொல். இலண்டனிலும் ரொறன்ரோவிலும் ஹலால் கடைக்குப் போய், நல்ல ஆட்டிறைச்சி என்று தேடி வாங்குகிறோம். அங்கே அந்தக் கடைக்காரர் நமக்கு "அண்ணை". ஊரில் அதே தொழிலைச் செய்பவரைத் துரத்தும் இயக்கங்களுக்கு நம் பணம் போகிறதா என்று ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

கத்தி அவர் கையில் இருக்கிறது, உண்மை. ஆனால் கறிச்சட்டி நம் வீட்டு அடுப்பில் அல்லவா இருக்கிறது!