ஐந்து வீதமும் ஒரு தலைவரும்: மர்ஹூம் அஷ்ரபின் பாராளுமன்றப் பணியை எப்படி மதிப்பிடுவது?

செப்டெம்பர் மாதம் வந்தால் நமது ஊர்களில் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரபின் படங்கள் சுவர்களில் ஏறிவிடும். கத்முல் குர்ஆன் ஓதப்படும், நினைவுக் கூட்டங்கள் நடக்கும், அவர் வளர்த்த கட்சியின் இன்றைய கிளைகள் ஒவ்வொன்றும் தாமே அவருடைய உண்மையான வாரிசு என்று அறிக்கை விடும். 2000 செப்டெம்பர் 16ஆம் திகதி அரநாயக்க மலைப்பகுதியில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் அவர் மரணித்து கால் நூற்றாண்டு கடந்துவிட்டது. ஆனால் ஒரு பாராளுமன்ற உறுப்பினராக அவர் என்ன செய்தார் என்ற கேள்வியை இந்தக் கூட்டங்களில் நான் அதிகம் கேட்டதில்லை.

அண்மையில் தரம் 11 குடியியல் வகுப்பில், "ஒரு எம்.பி.யின் முதல் வேலை என்ன?" என்று பிள்ளைகளிடம் கேட்டேன். "ரோட்டுப் போடுறது சேர்" என்றான் ஒருவன். "தொழில் எடுத்துத் தாறது" என்றாள் இன்னொருத்தி. சட்டம் இயற்றுவது என்று ஒருவரும் சொல்லவில்லை. "சரி, அஷ்ரப் என்ன செய்தார்?" என்றேன். "ஒலுவில் கெம்பஸ்" என்று வகுப்பே சொன்னது.

பிள்ளைகளில் பிழையில்லை. தென்கிழக்குப் பல்கலைக்கழகம் கண்ணுக்குத் தெரியும் சாதனை. யுத்தச் சூழலில் கிழக்குப் பல்கலைக்கழகத்தில் கல்வியைத் தொடர முடியாமல் தவித்த நமது மாணவர்களுக்காக 1995இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, மறுவருடமே பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனம் அது. ஆனால் என்னைக் கேட்டால், அவருடைய மிகப் பெரிய பணி ஒலுவிலில் இல்லை. அது அரசியல் யாப்பின் 99ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

1978ஆம் ஆண்டின் யாப்பு விகிதாசாரத் தேர்தல் முறையைக் கொண்டுவந்தது. அதிலே ஒரு வெட்டுப்புள்ளியும் இருந்தது. ஒரு மாவட்டத்தில் அளிக்கப்பட்ட செல்லுபடியான வாக்குகளில் எட்டில் ஒரு பங்கை, அதாவது 12.5 வீதத்தைப் பெறாத கட்சிக்கு அங்கே ஆசனமே கிடையாது. இரண்டரை இலட்சம் வாக்குகள் உள்ள ஒரு மாவட்டத்தில் 31,250 வாக்குகள் வேண்டும். முப்பதாயிரம் பேர் வாக்களித்தாலும் அந்த முப்பதாயிரமும் வீண். அம்பாறை, திருகோணமலை போன்ற மாவட்டங்களில் நாம் பெருந்தொகையினர். மட்டக்களப்பில் ஏறத்தாழக் கால்வாசி. கண்டியில் ஏழில் ஒரு பங்கு அளவுதான். ஒரு சமூகத்தின் வாக்குகள் முழுவதும் ஒரே கட்சிக்குப் போவது எங்கேயும் நடப்பதில்லை. ஆகவே எட்டில் ஒன்று என்பது சிறிய கட்சிகளுக்கு மூடிய கதவு.

1988 டிசம்பரில் ஜனாதிபதித் தேர்தல் நெருங்கியபோது அன்றைய பிரதமர் ரணசிங்க பிரேமதாசவுக்குச் சிறுபான்மை வாக்குகள் தேவைப்பட்டன. அப்போது அஷ்ரபிடம் ஒரு பாராளுமன்ற ஆசனம்கூட இருக்கவில்லை. சில வாரங்களுக்கு முன்னர் நடந்த வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் பெற்ற 17 ஆசனங்களே அவருடைய பலம். அந்தப் பலத்தை வைத்துக்கொண்டு அவர் முன்வைத்த கோரிக்கை, வெட்டுப்புள்ளியை இருபதில் ஒன்றாக, அதாவது 5 வீதமாகக் குறைக்க வேண்டும் என்பது. 15ஆவது திருத்தம் நிறைவேறி, டிசம்பர் 17ஆம் திகதி சட்டமானது. டிசம்பர் 19ஆம் திகதி ஜனாதிபதித் தேர்தல். தேர்தலுக்குப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்ற வாக்குறுதியை அவர் ஏற்கவில்லை என்பதைத் திகதிகளே சொல்கின்றன.

1989 பெப்ரவரிப் பொதுத் தேர்தலில் முஸ்லிம் காங்கிரஸ் 4 ஆசனங்களைப் பெற்றது. பாராளுமன்றத்துக்குள் நுழைவதற்கு முன்னரே யாப்பைத் திருத்த வைத்த ஒருவர் அப்போதுதான் முதன்முறையாக உறுப்பினராக உட்கார்ந்தார்.

இதன் பயன் முஸ்லிம்களுக்கு மட்டுமா கிடைத்தது? 2020 பொதுத் தேர்தலை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய மக்கள் சக்தி நாடு முழுவதிலும் 3.84 வீத வாக்குகளையும் 3 ஆசனங்களையும் பெற்றது. கொழும்பு, கம்பஹா மாவட்டங்களில் 5 வீதத்தைச் சற்றுத் தாண்டியதால்தான் மாவட்டத்துக்கு ஒருவராக இருவர் தெரிவாகினர். கொழும்பில் தெரிவானவர் இன்றைய ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க. பழைய வெட்டுப்புள்ளி இருந்திருந்தால் அந்த இரண்டு ஆசனங்களும் இல்லை. 2024இல் 159 ஆசனங்களுடன் வந்த கட்சி, அதற்கு முந்திய பாராளுமன்றத்தில் உயிர்பிழைத்திருந்தது அஷ்ரப் கேட்டு வாங்கிய அந்த 5 வீதத்தால் என்றால் மிகையல்ல.

அதே 2020இன் ஜனவரியில், வெட்டுப்புள்ளியை மீண்டும் 12.5 வீதமாக உயர்த்தும் தனிநபர் சட்டமூலம் ஒன்றை விஜயதாச ராஜபக்ஷ வர்த்தமானியில் வெளியிட்டிருந்தார். மார்ச்சில் பாராளுமன்றம் கலைக்கப்பட்டதால் அது நின்றுபோனது. பெற்ற உரிமை கல்லில் எழுதியதல்ல என்பதற்கு இது போதும்.

1989 முதல் 1994 வரை அஷ்ரப் எதிரணி ஆசனத்தில் இருந்தார். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல் படுகொலையும் ஏறாவூர்ப் படுகொலையும், ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்களின் வெளியேற்றமும் நடந்த காலம் அது. வடக்கையும் கிழக்கையும் இணைத்த இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் முஸ்லிம்களிடம் ஒரு வார்த்தை கேட்கப்படவில்லை என்ற முறைப்பாட்டை அவர் அதிகாரப் பகிர்வுக் கோரிக்கையாக மாற்றினார். நிலத்தொடர்பற்ற முஸ்லிம் பெரும்பான்மை மாகாண சபை, பாண்டிச்சேரி மாதிரி என்ற சொற்கள் நமது அரசியலுக்கு வந்தது அப்படித்தான். அந்தக் கோரிக்கை நிறைவேறவில்லை. அது நடைமுறைக்கு உகந்ததா என்பதில் நமக்குள்ளேயே இரண்டு கருத்துண்டு. ஆனால் ஒரு வேதனையை யாப்பின் மொழியில் எழுதி மேசையில் வைக்க அந்தச் சட்டத்தரணிக்குத் தெரிந்திருந்தது.

1994இல் பொதுஜன ஐக்கிய முன்னணிக்கு 105 ஆசனங்கள். முஸ்லிம் காங்கிரஸின் 7உம் மலையக மக்கள் முன்னணியின் 1உம் சேர்ந்தபோது 113, அறுதிப் பெரும்பான்மை. கப்பல்துறை, துறைமுகங்கள், புனர்வாழ்வு அமைச்சு கிடைத்தது. துறைமுகத்தில் நமது இளைஞர்கள் பலர் தொழில் பெற்றனர். குறையும் இங்கேதான் தொடங்கியது. பேரம் பேசும் பலம் என்றால் அமைச்சும் தொழிலும் என்று மக்கள் விளங்கிக்கொண்டார்கள். பின்னால் வந்தவர்களும் அதையே விளங்கிக்கொண்டார்கள். இனக் கட்சி ஒன்றின் எல்லை எதுவென்று அவரே உணர்ந்திருந்தார்; தேசிய ஐக்கிய முன்னணியைத் தொடங்கியது அதனால்தான். அதை வளர்த்தெடுக்க அவருக்கு ஆயுள் கிடைக்கவில்லை.

அவருக்குப் பின் நடந்ததற்கு இரண்டு உதாரணங்கள் மட்டும். 2017 செப்டெம்பரில், மாகாண சபைகளில் பெண்களின் பிரதிநிதித்துவத்துக்காக வந்த ஒரு சட்டமூலத்தில், குழுநிலையில் புதிய கலப்புத் தேர்தல் முறையே புகுத்தப்பட்டது. தொகுதி முறையில் சிதறி வாழும் நமக்குப் பாதிப்பு என்று தெரிந்திருந்தும், விகிதத்தை 50க்கு 50 ஆக்கியதோடு நமது கட்சிகள் ஆதரவாகக் கையுயர்த்தின. 2018 ஆகஸ்டில் அதற்கான எல்லை நிர்ணய அறிக்கை சபைக்கு வந்தபோது எதிராக 139 வாக்குகள், ஆதரவாக ஒன்றுமில்லை. சமர்ப்பித்த அமைச்சரே எதிர்த்து வாக்களித்தார். பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை. மாகாண சபைத் தேர்தல் இன்னும் நடக்கவில்லை.

இரண்டாவது, 2020 ஒக்டோபர். நமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டுக்கொண்டிருந்த நாட்களில், எதிரணியில் நாம் தெரிவு செய்து அனுப்பிய முஸ்லிம் உறுப்பினர்கள் சிலர் 20ஆவது திருத்தத்துக்கு ஆதரவாக வாக்களித்தனர். கையுயர்த்தும் முன்னர் எதை எழுத்தில் பெற்றார்கள்? எரிப்பு அதன் பின்னரும் மாதக்கணக்கில் தொடர்ந்தது.

2024 நவம்பரில் அமைச்சரவை பதவியேற்றபோது அதில் முஸ்லிம் ஒருவர்கூட இல்லையே என்று நாம் ஆதங்கப்பட்டோம். அது நியாயமான ஆதங்கம். ஆனால் புதிய அரசியல் யாப்பு வரும் என்று இந்த அரசு தனது விஞ்ஞாபனத்தில் சொல்லியிருக்கிறது. அது வரும்போது வெட்டுப்புள்ளி எத்தனை வீதம், தொகுதிகள் எப்படிப் பிரிக்கப்படும், தேசியப் பட்டியலுக்கு என்ன நடக்கும் என்பவை ஒரு அமைச்சுப் பதவியை விடப் பெரியவை. ஆளும் தரப்பில் இருக்கும் முஸ்லிம் உறுப்பினர்களும் எதிரணியில் இருப்பவர்களும் இப்போதே இவற்றில் தமது நிலைப்பாட்டை எழுத்தில் சொல்ல வேண்டும். குழுநிலை விவாதம் நடக்கும் மாலையில் கொரிடோரில் நின்று பேரம் பேசுவதற்கு இது விடயமல்ல.

நாமும் மாற வேண்டும். எம்.பி. ஊருக்கு வந்தால் வீதியைப் பற்றிக் கேட்கிறோம், கேட்போம். அதோடு, கடந்த மாதம் எந்தச் சட்டமூலத்தில் பேசினீர்கள், எப்படி வாக்களித்தீர்கள், ஏன் என்றும் கேட்போம். ஹன்சார்ட் பாராளுமன்ற இணையத்தளத்தில் எவரும் வாசிக்கக் கிடைக்கிறது. அடுத்த தவணையில் எனது வகுப்புப் பிள்ளைகளுக்கு அதைத்தான் செயற்றிட்டமாகக் கொடுக்கப் போகிறேன்.

அல்லாஹ் அன்னாரின் பிழைகளைப் பொறுத்து, ஜன்னதுல் பிர்தவ்ஸ் என்ற உயர்ந்த சுவனத்தை வழங்குவானாக.