விரிவாக்கம் தெரிந்தால் பழுது தெரிந்துவிடுமா?

கணினிப் பராமரிப்பு வேலைக்கு வருகிற இளைஞர்களிடம், டிஎச்சிபி, டிஎன்எஸ், பயாஸ், எஸ்எம்பிஎஸ் போன்ற சுருக்கப் பெயர்களின் விரிவாக்கத்தைக் கேட்பது ஒரு வழக்கமாகிவிட்டது. அவர்களும் மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள். வேலையில் சேர்ந்த பிறகு, ‘நெட் வரலை’ என்று யாராவது கூப்பிட்டால் அந்த மனப்பாடம் கைகொடுப்பதில்லை. ஒரு பெயர் எதன் சுருக்கம் என்று சொல்லிக்கொடுக்கிறோம். அது வேலை செய்யாவிட்டால் என்ன ஆகும் என்று சொல்லிக்கொடுப்பதில்லை.

இந்தப் பெயர்களில் பல, ஒரு காலத்துத் தலைவலிக்குக் கிடைத்த தீர்வுகள். இணையத்தின் முன்னோடியான ஆர்ப்பாநெட்டில் கணினிகளின் பெயர்களும் எண்களும் ஒரே கோப்பில் இருந்தன. கணினிகள் பெருகியதும் அந்தக் கோப்பைக் கட்டிக்காக்க முடியவில்லை. அதற்கு மாற்றாக, பெயருக்குரிய எண்ணைத் தேடித்தரும் டிஎன்எஸ் முறையை 1983இல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். ஒவ்வொரு கணினிக்கும் முகவரியைக் கையால் எழுதிவைக்கும் வேலையைத் தவிர்க்க 1993இல் டிஎச்சிபி வந்தது. ஐபி நான்காம் பதிப்பு தரக்கூடியவை சுமார் 430 கோடி முகவரிகள்தான் என்பதால், ஒரே பொது முகவரியைப் பல கருவிகள் பகிர்ந்துகொள்ள என்ஏடி தேவைப்பட்டது. எந்தத் தலைவலிக்கு எது மருந்து என்று தெரிந்தவருக்கு, எந்தக் கோளாறுக்கு எதைப் பார்க்க வேண்டும் என்பதும் தெரியும்.

விண்டோஸ் கணினியின் முகவரி 169.254 என்று தொடங்கினால், டிஎச்சிபியிடமிருந்து பதில் வரவில்லை, கணினி தானாக ஒரு முகவரியைப் போட்டுக்கொண்டது என்று பொருள். கேபிளையும் சுவிட்சையும் டிஎச்சிபி சர்வரையும் பார்க்க வேண்டும். முகவரி சரியாக இருந்து, 8.8.8.8 போன்ற வெளியுலக எண்ணுக்குப் பிங் போய், இணையதளத்தின் பெயரைக் கொடுத்தால் மட்டும் திறக்கவில்லையென்றால் சந்தேகம் டிஎன்எஸ் மீது விழ வேண்டும். இரண்டு இடத்திலும் பயனர் சொல்வது என்னவோ ‘நெட் வரலை’தான்.

இன்னொரு கோளாறு இதைவிடச் சுவையானது. மதர்போர்டில் நாணயம்போல உட்கார்ந்திருக்கும் 3 வோல்ட் சிமாஸ் பேட்டரி தீர்ந்துவிட்டால், கணினியின் தேதி பல ஆண்டுகள் பின்னே போய்விடும். பாதுகாப்பான தளங்களின் சான்றிதழுக்குத் தொடக்க நாளும் முடிவு நாளும் உண்டு. தேதி அதற்குள் அடங்காததால் பிரவுசர் எச்சரிக்கை காட்டித் தடுக்கும். அப்போதும் பயனர் குறைசொல்வது இணைப்பைத்தான். ஹார்டுவேர் ஒரு பட்டியல், நெட்வொர்க்கிங் இன்னொரு பட்டியல் என்று பிரித்துப் படித்தவர், ரவுட்டரை மாற்றச் சொல்லிவிட்டுப் போவார்.

பெயர்களே வேண்டாம் என்பதல்ல வாதம். கையேட்டைப் படிக்கவும், பழுதை மேல்நிலைக் குழுவுக்கு எழுதி அனுப்பவும் அவை வேண்டும். கணினிப் பராமரிப்பாளர்களுக்கான காம்ப்டியா ஏ பிளஸ் சான்றிதழ்த் தேர்வின் பாடத்திட்டத்தோடு நீண்ட சுருக்கப் பெயர்ப் பட்டியலே வருகிறது. ஆனால் அதே தேர்வில், ஒரு சூழலைக் கொடுத்துச் செய்துகாட்டச் சொல்லும் கேள்விகளும் உண்டு. நம் வகுப்பறைகள் பட்டியலை மட்டும் எடுத்துக்கொண்டுவிட்டன.

ஐடிஐகளிலும் பாலிடெக்னிக்குகளிலும் இதை மாற்றப் பெரிய செலவு ஆகாது. ஒரு கணினியில் டிஎன்எஸ் முகவரியைத் தவறாகக் கொடுக்கலாம். இன்னொன்றில் ரேமைச் சற்றுக் கழற்றிவைக்கலாம். மூன்றாவதில் தீர்ந்துபோன பேட்டரியைப் பொருத்தலாம். கேபிள் விளக்கு, முகவரி, கேட்வே, வெளியுலக எண், பெயர் என்று எந்த வரிசையில் மாணவர் சோதித்தார், ஏன் அப்படிச் செய்தார் என்பதற்கு மதிப்பெண் கொடுக்கலாம். விரிவாக்கத்தைக் கேட்கும் தேர்வு, தமிழ்வழியில் படித்தவரின் ஆங்கில நினைவாற்றலை அளக்கிறது. காரணத்தைக் கேட்கும் தேர்வுக்கு அவர் தமிழிலேயே பதில் சொல்லலாம். வேலைக்கு வேண்டிய திறமை வெளிப்படுவதும் அந்தப் பதிலில்தான்.