கடைக்காரரின் கடதாசியும் குழந்தையின் பாலும்

சிறிய கடையொன்றை நடத்தும் எவரையேனும் கேட்டுப் பாருங்கள். வியாபாரத்திற் செலவாகும் நேரத்துக்கு ஈடாகப் படிவங்களை நிரப்புவதிலும் நேரம் செலவாகின்றதென்று குறைபட்டுக் கொள்வார். விற்பனைக் கணக்கு ஓர் இலாகாவுக்கு. வேலையாட்களின் சம்பள விபரம் இன்னொன்றுக்கு. அதே விபரம் வேறொரு தலைப்பின் கீழ் மூன்றாவதற்கு. அவர் குறை நியாயமானதே. ஆயினும், எந்தக் கடதாசியை நீக்குவது, எதை வைத்திருப்பது என்பதில் அரசாங்கம் தவறிழைக்குமாயின், அதன் பலனை அனுபவிப்பவர் கடைக்காரரல்லர். பொருளை வாங்கி வீட்டுக்குக் கொண்டு செல்லும் நாமே. இதனை விளக்க இரு தேசங்களின் அனுபவங்களைக் கூறலாம்.

முதலாவது நெதர்லாந்து. படிவம் நிரப்புவதில் வியாபாரிகளுக்கு உண்டாகும் செலவைப் பணமாகக் கணக்கிட்டு, அச்சுமையில் நாலிலொரு பங்கை 2007ஆம் ஆண்டுக்குள் குறைப்பதென அந்நாட்டு அரசாங்கம் 2003ஆம் ஆண்டளவிலே தீர்மானித்தது. ஒவ்வொரு காரியாலயமும் தனக்கெனத் தனிச் சொற்களையும் தனிப் படிவங்களையும் வைத்திருந்ததே தொல்லைக்கு ஒரு காரணம். எனவே, வரி இலாகா, வர்த்தக சபை, புள்ளிவிபரக் காரியாலயம் ஆகிய யாவற்றுக்கும் பொதுவான சொல்வரையறை வகுக்கப்பட்டது. ஒருமுறை ஒழுங்காக எழுதிய கணக்கைப் பல இடங்களுக்கும் அனுப்ப வழி பிறந்தது. இங்கே குறைக்கப்பட்டது சொன்னதையே திரும்பச் சொல்லும் வேலை. சொல்லவேண்டிய உண்மை குறைக்கப்படவில்லை.

இரண்டாவது சீனா. நற்பெயர் பெற்ற கம்பனிகளுக்குத் தொல்லை கொடுக்கலாகாதென்று, அவற்றின் பொருட்களுக்கு அரசாங்கப் பரிசோதனையிலிருந்து மூன்று வருட விலக்களிக்கும் முறை 2000ஆம் ஆண்டில் அங்கு ஏற்பட்டது. குழந்தைகளுக்கான பால்மா செய்த பெரிய கம்பனியொன்றும் அவ்விலக்கைப் பெற்றிருந்தது. பாலிலே தண்ணீர் கலந்தவர்கள், புரதம் குறைந்தது தெரியாதிருக்க, பிளாஸ்திக்குச் செய்ய உதவும் மெலமைன் என்னும் இரசாயனத்தைச் சேர்த்தனர். அதிலே நைதரசன் மிகுதி. நைதரசனை அளந்து புரதத்தைக் கணிக்கும் சோதனை ஏமாந்து போயிற்று. பெற்றோரின் முறைப்பாடுகள் 2007 டிசம்பரிலேயே கம்பனிக்கு வரத் தொடங்கின. நாடறிய உண்மை வெளியானதோ 2008 செப்டெம்பரில். அதற்குள் ஏறக்குறைய மூன்று இலட்சம் குழந்தைகள் நோயுற்றனர். பலருக்குச் சிறுநீரகத்திற் கல் உண்டாயிற்று. ஆறு குழந்தைகள் மாண்டனர். அதே மாதத்தில் அவ்விலக்கு முறை ஒழிக்கப்பட்டது.

விலக்கொன்றே இவ்வளவுக்கும் காரணமென்று சொல்ல முடியாது. ஆனால், கம்பனியின் நற்பெயரை நம்பி வெளியார் கண் அகன்றது. முறைப்பாட்டை உடனே அறிவிக்கும் கடமை நிறைவேறவில்லை. அந்த மாதங்களின் மௌனத்துக்கு விலை கொடுத்தவர்கள் குழந்தைகள்.

ஆகவே, ஒரு படிவத்தை நீக்குமுன் ஒரு கேள்வி கேட்க வேண்டும்: இது இல்லாது போனால் நட்டமடைபவர் யார்? ஒருவருமில்லையெனில் தயங்காது நீக்கலாம். பொருளை வாங்குபவரெனில் அதனை எளிதாக்கலாம், நீக்கலாகாது.

எளிதாக்குவது எவ்வாறு என்பதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. 2016 ஆகஸ்ட் முதல், இனிப்புப் பானப் போத்தல்களில் சீனியின் அளவு நிறத்தாற் காட்டப்படுகின்றது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டாற் சிவப்பு, 2 கிராமுக்குக் குறைந்தாற் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். கம்பனிக்கு இது பெரும் பாரமன்று. எழுத்தறியாத பாட்டிக்கும் விளங்கும்.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டமும் கடையில் விலைப்பட்டியல் காணத்தக்கதாக இருக்கவேண்டுமென்றும், கேட்பவருக்குப் பற்றுச்சீட்டுக் கொடுக்கவேண்டுமென்றும் விதிக்கின்றது. இவ்விரண்டும் சிறிய கடதாசிகளே. ஆனால், பழுதான பொருளோடு திரும்பிச் செல்லும் ஏழைக்கு அவற்றைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

கேட்டாற்றான் கிடைக்கும் உரிமை, கேளாதவருக்கு இல்லாததற்குச் சமம். இன்று கடைக்குச் செல்லும் அன்னையர் பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். உடன் செல்லும் பிள்ளைகள் போத்தலின் நிறத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.