பகைமையும் கல்வியும்

மாணவர்களே! பகைமை குருதியில் வருவதன்று, கற்பிக்கப்படுவது. வீடும் தெருவும் சிற்சில வேளைகளில் பாடநூலுமே அதனைக் கற்பிக்கின்றன.

காரைக்காலைச் சார்ந்த நம் தலத்தெருவுக்குத் தெற்கே, கடலுக்கு அப்பால் உள்ளது இலங்கை. அங்கே 1956-இல் சிங்களம் ஒன்றே ஆட்சிமொழி எனச் சட்டம் இயற்றப்பட்டது. 1981-இல் யாழ்ப்பாண நூலகம் ஏறத்தாழ 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. 1983 முதல் 2009 வரை போர் நிகழ்ந்தது. பின்னர் நூலகம் மீண்டும் எழுந்தது. தமிழும் சட்டப்படி ஆட்சிமொழியாயிற்று. எனினும் சிங்களச் சிறாரும் தமிழ்ச் சிறாரும் பெரும்பாலும் தனித்தனிப் பள்ளிகளிலேயே பயில்கின்றனர். ஒருவர் மொழியை மற்றவர் அறியாவிடத்து ஐயம் தோன்றும். ஐயம் முதிர்ந்து பகையாகும்.

'நேர்ந்த கொடுமையை மறத்தல் தகுமோ?' எனச் சிலர் வினவுவர். மறத்தல் வேண்டா, நிகழ்ந்தவை யாவும் வரலாற்றில் நிற்றல் வேண்டும். ஆயினும், எரித்தவனுடைய பேரனையும் குற்றவாளி எனக் கற்பிப்பது வரலாறு ஆகாது.

நம் காரைக்காலை 1954 வரை ஆண்ட பிரான்சு, 1870 முதல் 1945 வரையுள்ள காலத்தில் செருமனியோடு மும்முறை பெரும்போர் புரிந்தது. அவ்விரு நாட்டு மாணவரும் பயிலத்தக்க பொது வரலாற்று நூல் ஒன்று 2006-இல் வெளிவந்தது. அவர்களால் இயன்றது இலங்கையிலும் இயலும். சிங்களக் குழந்தை தமிழையும், தமிழ்க் குழந்தை சிங்களத்தையும் தொடக்க வகுப்பிலேயே கற்பதே அதற்கு முதற்படியாகும்.