கடைசி பெஞ்சுக்குத் தெரிகிற எழுத்து

கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் துறையில் இருப்பவர்கள் கட்டாயம் முழுதும் படியுங்கள். வழக்கே உங்களிடம்தான்.

புது லேப்டாப்பைத் திறந்ததும் மெனு, ஃபைல் பெயர், எச்சரிக்கை எல்லாம் ஒரு அளவு எழுத்தில் வருகின்றன. அந்த அளவை யாருடைய கண்ணை வைத்து முடிவு செய்தார்கள்? என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த அளவு சின்னது. "பெரிதாக்கும் வசதி உள்ளே இருக்கிறதே டீச்சர்" என்பது அதற்குப் பதில் ஆகாது.

ஆசிரியர் பயிற்சியில் கரும்பலகையில் எழுதி முடித்ததும் எங்களைக் கடைசி பெஞ்சுக்குப் போய் நின்று பார்க்கச் சொல்வார்கள். முன் பெஞ்சுப் பிள்ளைக்குத் தெரிகிறதா என்பது கணக்கிலேயே வராது. கண் தெரியாத பிள்ளை பெரும்பாலும் கையைத் தூக்கிச் சொல்லாது. பக்கத்துப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதிக்கொள்ளும். அதனால் எழுதுகிறவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இதே நியாயத்தோடு போட்ட கணக்கு கம்ப்யூட்டரிலும் ஒரு காலத்தில் இருந்தது. 1984-இல் வந்த மெக்கின்டாஷ் திரையில் ஒரு அங்குலத்துக்கு 72 ஒளிப்புள்ளிகள். ஒரு பாயிண்டுக்கு ஒரு புள்ளி, அச்சிலும் திரையிலும் ஒரே அளவு. மைக்ரோசாஃப்ட்காரர்கள், தாளைக் கையில் பிடிப்பதைவிடத் திரை தள்ளி இருக்கிறது என்று யோசித்து, மூன்றில் ஒரு பங்கு கூட்டி 96 என்று வைத்தார்கள். நல்ல யோசனை. அதன்படி 9 பாயிண்ட் எழுத்துக்கு 12 புள்ளி உயரம்.

பிறகு புள்ளிகள் பொடியாகிக்கொண்டே போயின. இன்று கடைகளில் அதிகம் கிடைக்கிற 15.6 அங்குல லேப்டாப்பில், 1920க்கு 1080 திரை என்றால், அங்குலத்துக்கு சுமார் 141 புள்ளிகள். விண்டோஸ் மெனு எழுத்து 2007-இல் விஸ்டா வந்தபோதே 9 பாயிண்ட்தான். அதே 12 புள்ளியை இந்தத் திரையில் வரைந்தால் அளவுகோலில் 6 பாயிண்ட்தான் தேறும். இப்போதெல்லாம் லேப்டாப்பே 125 சதவீதம் என்று கூட்டி வைத்துத்தான் பெரும்பாலும் வருகிறது. கூட்டியும் ஏழரை பாயிண்டைக் கொஞ்சம் தாண்டுகிறது, அவ்வளவுதான். 150 வைத்தால்தான் பழைய 9 திரும்பக் கிடைக்கும். கணக்கு வாத்தியார்கள் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இதில் நம் எழுத்தின் பாடு தனி. ஆங்கிலத்தில் ஒரு எழுத்து மங்கினாலும் சொல்லை ஊகித்துவிடலாம். தமிழில் புள்ளி ஒன்று மறைந்தால் ம், ம ஆகிவிடுகிறது. கி-யும் கீ-யும் பிரிவது ஒரு சின்னச் சுழியில். எ-யும் ஏ-யும் பிரிவது கீழே இழுக்கும் ஒரு கோட்டில். ணு, ழூ போன்றவை உடம்பை மேலும் கீழும் நீட்டுகிறவை. 12 புள்ளி உயரத்துக்குள் இதையெல்லாம் அடைத்தால் என்ன மிஞ்சும்? ஒன்றாம் வகுப்பில் இந்தச் சுழிகளைக் கைபிடித்துக் கற்றுக்கொடுத்தவள் என்பதால் எனக்குக் கூடுதலாகவே உறுத்துகிறது.

என் நாத்தனாருக்கு 68 வயது. நூலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இன்றைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டு வார இதழ் முழுதும் படிப்பார். ஆனால் வங்கிக் கணக்கைப் பார்க்க வேண்டுமென்றால் பக்கத்து வீட்டுப் பையனை லேப்டாப் முன்னால் உட்கார வைத்து, பாஸ்வேர்டைச் சொல்லி, அவன் வாசிக்கக் கேட்டுக்கொண்டிருந்தார். பையன் நல்லவன், அது வேறு விஷயம். போன பொங்கலுக்குப் போயிருந்தபோது நான் 150 வைத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் பார்த்தார். பிறகு முதல் வேலையாகப் பாஸ்வேர்டை மாற்றினார். அத்தனை நாளும், படித்த ஒரு பெண்ணைப் படிக்கத் தெரியாதவராக ஆக்கி வைத்திருந்தது அந்த எழுத்தின் அளவு.

நாற்பதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ் இறுகி, கிட்டத்தில் இருப்பது மங்கும். வெள்ளெழுத்து என்று நம் பாட்டிமார் பெயர் வைத்தது இதற்குத்தான். எல்லோருக்கும் வருவது. அதற்கான அமைப்பைக் கொண்டுபோய் உடல் ஊனம் உள்ளவர்களுக்கான பகுதியில் வைத்தால், "எனக்கென்ன குறை" என்று யாரும் அந்தப் பக்கமே போக மாட்டார்கள். போதாததற்கு, எழுத்தை மட்டும் பெரிதாக்கும் வசதியை விண்டோஸ் 10-இல் 2017-இல் எடுத்தேவிட்டார்கள். 2018 அக்டோபர் பதிப்பில்தான் அது திரும்பி வந்தது. அந்த ஒன்றரை வருஷம் அதை நம்பியிருந்தவர்கள் என்ன செய்திருப்பார்கள்?

எழுத்து பெரிதானால் திரையில் கொள்வது குறையும், உண்மைதான். எக்செல் பார்க்கிற என் மருமகனுக்குப் பிடிக்காது. சில பழைய மென்பொருள்களில் பட்டன் பாதி வெட்டுப்படும். வேண்டுகிறவர் சிறிதாக்கிக்கொள்ளட்டும். சின்ன எழுத்தைப் படிக்க முடிகிறவருக்கு அதைத் தேடிப் பிடிக்கவும் முடியும். படிக்க முடியாதவர், படிக்க முடியாத எழுத்தில் இருக்கிற மெனுவுக்குள் போய் எதைத் தேடுவார்?

மென்பொருள் எழுதும் என் பிள்ளைகளே, கேட்பது பெரிதில்லை. புது லேப்டாப் முதன்முதலில் மொழி என்ன, வைஃபை என்ன என்று கேட்கிறதே, அங்கேயே மூன்று அளவில் ஒரே வரியைக் காட்டி "எது வசதி?" என்று ஒரு கேள்வி வையுங்கள். நீங்கள் செய்கிற செயலியைக் கொடுப்பதற்கு முன் ஒருமுறை 200 சதவீதத்தில் திறந்து பாருங்கள்.

மற்றவர்கள் அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அப்பா அம்மாவின் கம்ப்யூட்டரில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, ஸ்கேல் போய் 150 வையுங்கள். எழுத்து மட்டும் போதுமென்றால் விண்டோஸ் 11-இல் ஆக்சஸிபிலிட்டிக்குள் டெக்ஸ்ட் சைஸ், 225 வரை போகும். இணையப் பக்கத்துக்குக் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு கூட்டல் குறி. வைத்துவிட்டு உடனே எழுந்து போய்விடாதீர்கள். அவர்கள் வழக்கமாக உட்காரும் தூரத்தில் உட்கார வைத்து, சத்தமாக ஒரு வரி வாசிக்கச் சொல்லுங்கள்.